வேலி போட்டதால் விளைச்சல் கூடியதா? இங்கிலாந்தில் பொதுநிலம் போன கதை

கேள்வி சுருக்கமாக இதுதான்: 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் பொதுநிலங்களையும் திறந்தவெளி வயல்களையும் வேலியடைத்துத் தனியார் நிலமாக்கினார்கள். விவசாயம் முன்னேறியதே அதனால்தான் என்கிறது ஒரு புத்தகம். ஏழைகளின் வயிற்றில் அடித்தார்கள் என்கிறது இன்னொன்று. எதை நம்புவது?

இரண்டிலும் உண்மை உண்டு, ஒரே அளவில் இல்லை. விளைச்சல் கூடியது, ஆனால் பாடப்புத்தகம் சொல்லும் அளவுக்கா என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை. குத்தகை கூடியது, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. என் கணிப்பில், வேலி நிலத்தில் ஏறுவதற்கு முன்பே பத்திரத்தில் ஏறிவிட்டது. எழுதி வைத்திருந்த உரிமைக்கு ஈடு கிடைத்தது. காலங்காலமாக அனுபவித்து வந்த, எங்கும் எழுதப்படாத உரிமைக்குக் கிடைக்கவில்லை. மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

முதலில் வேலிக்கு முந்திய ஊரைப் பார்த்துவிடுவோம். நாடு முழுக்க ஒரே மாதிரி இருந்ததில்லை. நான் சொல்வது பெரும்பாலும் நடு இங்கிலாந்து, அதாவது நார்தாம்ப்டன்ஷயர், லெஸ்டர்ஷயர், ஆக்ஸ்போர்டுஷயர் பக்கம். ஊரைச் சுற்றி இரண்டோ மூன்றோ மிகப் பெரிய வயல்கள், ஒவ்வொன்றும் பல நூறு ஏக்கர், நடுவே வேலி கிடையாது. உள்ளே நீளநீளமாக நூற்றுக்கணக்கான கீற்றுகள். ஒருவருக்கு 20 ஏக்கர் இருக்கிறதென்றால் இங்கே அரை ஏக்கர், அங்கே முக்கால் ஏக்கர் என்று எல்லா வயல்களிலும் சிதறிக் கிடக்கும். நல்ல மண், மட்டமான மண், மேடு, பள்ளம் எல்லாமே எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம். மூன்று வயல் ஊரில் ஒன்றில் கோதுமை, ஒன்றில் பார்லியோ பட்டாணி, அவரை வகையோ, மூன்றாவது உழுது தரிசாகப் போட்டிருக்கும். அடுத்த வருடம் சுற்று மாறும். அறுவடை முடிந்ததும் வயல் மொத்தமும் ஊர் மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் திறந்துவிடப்படும். பயிர் நிற்கும்வரை நிலம் அவரவருடையது, அறுத்த அடித்தாள் மட்டும் மிஞ்சினால் ஊருடையது.

இதற்கு அப்பால் பொதுநிலம்: மேய்ச்சல்வெளி, புதர்க்காடு, சதுப்பு. இதில் பாதியை ஆங்கிலேயர் 'வீண் நிலம்' என்று பொருள்படும் சொல்லால்தான் குறித்தார்கள். பெயரைக் கேட்டால் நம் புறம்போக்கு மாதிரி யாருக்கும் உதவாத இடம் போலத் தோன்றும். ஒரு குடிசைக்காரர் வீட்டுக்கோ பிழைப்பில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வந்தது. ஒரு பசு மேய்ந்தது. பசு என்றால் பால், வெண்ணெய், வருடத்துக்கு ஒரு கன்று. அதுபோக வாத்துகள், பன்றி ஒன்று. அடுப்புக்குச் சுள்ளியும் முட்புதரும், சதுப்பில் வெட்டிக் காயவைத்தால் விறகு போல் எரியும் மண்கட்டியும். கோரையை அறுத்துக் கொழுப்பில் தோய்த்தால் இரவுக்கு விளக்கு. மாட்டுக்கு அடியில் விரிக்கக் காட்டுச்செடி, சந்தையில் விற்கக் காட்டுப் பழம். இந்த வேலைகளில் பெரும்பாலானவற்றைச் செய்தது பெண்களும் பிள்ளைகளும். காசாக எண்ண முடியாத வருமானம் என்பதால் கணக்கெடுத்தவர்கள் கண்ணில் இது படவே இல்லை.

ஆளாளுக்கு ஓட்டிக்கொண்டு வந்து மேய்த்தார்கள் என்று நினைக்க வேண்டாம். யார் எத்தனை மாடு, எத்தனை ஆடு விடலாம், எந்தத் தேதியிலிருந்து விடலாம் என்று ஊர் நிலக்கிழாரின் மன்றம் விதி போட்டு வைத்திருந்தது. மீறினால் அபராதம். அத்துமீறி மேயும் மாட்டைப் பிடித்து அடைக்க ஊரில் ஒரு பவுண்டு இருந்தது. (நம் ஊரில் மாட்டைப் பவுண்டில் அடைத்துவிடுவார்கள் என்று சொல்கிறோமே, அந்தச் சொல் அங்கிருந்து வந்ததுதான்.) பொதுநிலம் என்றாலே பேராசையால் அழிந்துபோகும் என்று சூழலியலாளர் காரட் ஹார்டின் 1968இல் எழுதிய கட்டுரையை இன்றும் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். அவர் கற்பனை செய்த மேய்ச்சல்வெளியில் விதியும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. கட்டுப்பாடு தளர்ந்து மிதிபட்டுப்போன பொதுநிலங்கள் இங்கிலாந்திலும் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் பொது நிலைமை அதுவல்ல. ஊர்கள் தாமே விதி வகுத்துப் பொதுவளத்தைக் காக்க முடியும் என்று பல நாடுகளின் உதாரணங்களோடு காட்டிய எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009இல் பொருளாதார நோபல் கிடைத்தது.

வேலியடைப்பு 18ஆம் நூற்றாண்டில் திடீரென்று முளைத்ததும் இல்லை. ஊராருக்குப் போதிய மேய்ச்சலை விட்டுவைத்துவிட்டு மீதியை நிலக்கிழார் அடைத்துக்கொள்ளலாம் என்று 1235ஆம் ஆண்டின் மெர்டன் சட்டமே சொல்லிவிட்டது. கம்பளி விலை ஏறிய காலத்தில் உழவு நிலத்தை ஆட்டு மந்தைக்காக வளைத்தார்கள். யார்க்‌ஷயரின் வாரம் பெர்சி போன்ற ஊர்கள் காலியாகிப்போனதில் இதற்குப் பங்கு உண்டு. ஊர்கள் காலியாவதைத் தடுக்க அரசே 1489இல் சட்டம் போட்டது, பெரிதாகப் பலிக்கவில்லை. 1549இல் நாரிச் நகருக்கு வெளியே ராபர்ட் கெட் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் வேலிகளைப் பிய்த்தெறிந்து முகாம் போட்டார்கள். படை வந்து அடக்கியது, கெட்டைத் தூக்கிலிட்டார்கள். 1607இல் நடு இங்கிலாந்தில் மறுபடி கலகம், நியூட்டன் என்ற ஊரில் பலர் கொல்லப்பட்டார்கள். ஒரு விஷயம் பலருக்கும் தெரியாது: வரலாற்றாசிரியர் ஒருவரின் மதிப்பீட்டில் 1500லேயே இங்கிலாந்தின் நிலத்தில் ஏறக்குறைய பாதி திறந்தவெளி முறையில் இல்லை, 17ஆம் நூற்றாண்டிலேயே இன்னொரு கால் பங்கு பெரும்பாலும் பேசி முடித்த ஒப்பந்தங்கள் மூலம் அடைபட்டுவிட்டது. ஆக, நாடாளுமன்றச் சட்டம் கைவைத்தது மிச்சம் இருந்ததில்தான்.

அந்த மிச்சமும் சின்னதல்ல. 1604க்கும் 1914க்கும் இடையில் 5,200க்கும் மேற்பட்ட அடைப்புச் சட்டங்கள், சுமார் 68 லட்சம் ஏக்கர், இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு. 1750க்குப் பின் ஒரு நூறு வருடத்தில்தான் பெரும்பகுதி நடந்தது. அதிலும் இரண்டு அலைகள். 1760, 70களில் நடு இங்கிலாந்தின் களிமண் வயல்கள். பிறகு 1793 முதல் 1815 வரை பிரான்ஸுடன் போர் நடந்தபோது மேட்டு நிலமும் தரிசும். போர்க்காலத்தில் தானிய விலை எகிறியது. 1790 வாக்கில் ஒரு குவார்ட்டர் (பழைய தானிய அளவு) கோதுமை 50 சொச்சம் ஷில்லிங், 1812இல் 126. அந்த விலைக்குப் பாறை மேட்டையும் உழலாம் என்று தோன்றாதவர் யார்?

இந்தச் சட்டம் ஒரு ஊருக்குள் எப்படி நுழைந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், விஷயமே அங்கேதான் இருக்கிறது. ஊரின் பெரிய நிலக்காரர்கள் கூடி நாடாளுமன்றத்துக்கு மனுப் போடுவார்கள். மனுப் போடப் போகிறோம் என்று தேவாலயக் கதவில் அறிவிப்பு ஒட்ட வேண்டும் என்ற விதி 1774இல்தான் வந்தது. அதற்கு முன் சட்டம் வருவது ஊருக்கே தெரியாமலிருக்கலாம். ஊரார் சம்மதம் வேண்டும்தான், ஆனால் தலையை எண்ணவில்லை, நில மதிப்பை எண்ணினார்கள். முக்கால் பங்கு முதல் ஐந்தில் நான்கு பங்கு மதிப்பு ஆதரவாக இருந்தால் போதும். மூன்று நான்கு பேர் கையில் நிலத்தின் பெரும்பகுதி இருந்தால் அந்த மூன்று நான்கு பேர்தான் ஊர். எதிர்ப்பவர் லண்டனுக்குப் போய் வக்கீல் வைத்து வாதாட வேண்டும். கேட்பவர்களோ தாங்களும் நிலக்காரர்களான உறுப்பினர்கள்.

சட்டம் நிறைவேறியதும் ஆணையர்கள் வருவார்கள், பெரும்பாலும் மூன்று பேர், கூடவே ஒரு சர்வேயர். யாருக்கு எவ்வளவு உரிமை என்று கேட்டு, பழைய கீற்றுகளையெல்லாம் கலைத்து, ஒவ்வொருவருக்கும் ஒரே இடத்தில் ஒரு துண்டு ஒதுக்குவார்கள். விளைச்சலில் பத்தில் ஒரு பங்காகத் தேவாலயத்துக்குச் சேர வேண்டிய தசமபாகத்துக்குப் பதிலாகவும் பல ஊர்களில் ஒரு பெரிய பங்கு நிலம் போகும். புதுச் சாலைகளைக் கோடு கிழித்தாற்போல் வரைவார்கள். நடு இங்கிலாந்தில் அம்பு போல் நேரே போகும் அகலமான கிராமச் சாலையைப் பார்த்தால் அது பெரும்பாலும் சர்வேயரின் அளவுகோல் போட்ட சாலைதான். வேலை சீக்கிரமும் முடியாது. கவிஞர் ஜான் கிளேரின் ஊரான ஹெல்ப்ஸ்டனுக்கு 1809இல் சட்டம் வந்தது, ஆணையர்களின் இறுதித் தீர்ப்பு வந்தது 1820இல். கிளேரே வேலி நடும் கூலிக் கூட்டத்தில் வேலை பார்த்தவர் என்பது வேறு கதை.

சரி, யாருக்கு என்ன கிடைத்தது? பெரிய நிலக்காரருக்கு வீட்டுக்கு அருகிலேயே சேர்ந்தாற்போல் நிலம். ஐந்தாறு ஏக்கர்காரருக்கும் கிடைத்தது, சட்டப்படி குறை சொல்ல முடியாது. ஆனால் குறித்த கெடுவுக்குள் தன் துண்டைச் சுற்றி அவரே முள்வேலி நட்டாக வேண்டும். வக்கீல், சர்வேயர், ஆணையர் செலவிலும் பங்கு உண்டு. சதுரம் சின்னதாக ஆக ஏக்கருக்கு விழும் வேலி நீளம் கூடும், இது வெறும் கணக்கு. அதனால் சின்னவருக்குத்தான் ஏக்கருக்குச் செலவு அதிகம். கூடவே பொதுமேய்ச்சலும் போயிற்று. ஐந்து ஏக்கரில் பயிரும் வைத்து மாட்டையும் மேய்ப்பது எப்படி? பலர் விற்றுவிட்டார்கள். வாங்கியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அவருக்கும் கீழே, குடிசைக்காரர்கள். சில குடிசைகளுக்கு மேய்ச்சல் உரிமை பத்திரத்திலேயே இருந்தது. அந்தக் குடிசையின் சொந்தக்காரருக்கு ஈடாகச் சிறு நிலம் வந்தது. குடியிருப்பவர் வாடகைக்காரர் என்றால்? பசு வாடகைக்காரருடையது, ஈடு வீட்டுக்காரருக்கு. உரிமை என்று எதுவும் எழுத்தில் இல்லாமல் வழக்கமாக மட்டும் சுள்ளி பொறுக்கி, வாத்து மேய்த்தவர்களுக்கு ஒன்றுமே இல்லை. சில இடங்களில் ஏழைகளுக்கென்று ஒரு துண்டு எரிபொருள் நிலம் ஒதுக்கினார்கள், அவ்வளவுதான்.

இனி விவசாயம். வேலிக்குப் பிறகு என்ன செய்ய முடிந்தது என்பதில் ஆதரவாளர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. தரிசு போடாமல் கோதுமை, டர்னிப் கிழங்கு, பார்லி, குளோவர் தீவனச்செடி என்று நான்கு வருடச் சுற்றில் பயிரிடுவது நார்ஃபோக் பகுதியில் பரவியிருந்தது. குளோவர் மண்ணில் தழைச்சத்தைக் கட்டும், டர்னிப் குளிர்காலத்தில் மாட்டுக்குத் தீனி. தீனி கூடினால் மாடு கூடும், மாடு கூடினால் எரு கூடும். ஊர் முழுவதும் ஒரே நாளில் மந்தையைத் திறந்துவிடும் வயலில் ஒருவர் மட்டும் டர்னிப் போட்டால் அதை ஊர் ஆடுகள்தான் தின்னும். கால்நடை வளர்ப்பிலும் இதே கதை. லெஸ்டர்ஷயரின் டிஷ்லியில் ராபர்ட் பேக்வெல் தேர்ந்தெடுத்த கிடாக்களைக் கொண்டு புது ஆட்டினம் உருவாக்கியது வேலியடைத்த பண்ணையில்தான். எல்லா ஆடும் ஒன்றாய் மேயும் பொதுவெளியில் எந்தக் கிடா எதோடு சேரும் என்று யார் காவல் காப்பது? நோயும் மந்தைக்கு மந்தை தாவும். வடிகால் வெட்டுவதும் அப்படித்தான், கீற்று அளவில் செய்கிற வேலையல்ல.

ஆனால் இங்கேதான் பாடப்புத்தகம் அவசரப்படுகிறது. திறந்தவெளி ஊர்களும் மந்தமாக உட்கார்ந்திருக்கவில்லை. ஊரார் கூடிப் பேசி ஒரு வயலின் ஒரு பகுதியை மட்டும் தனியே பிரித்துக் குளோவரோ பட்டாணியோ போட்ட பதிவுகள் மன்ற ஏடுகளில் இருக்கின்றன. பொருளாதார வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆலன் தெற்கு மிட்லண்ட்ஸ் பகுதியை, அதாவது நடு இங்கிலாந்தின் தென்பாகத்தை, ஆராய்ந்து, விளைச்சல் உயர்வில் பெரும்பகுதி வேலிக்கு முன்பே சிறு விவசாயிகள் கையில் நடந்துவிட்டது, வேலி கூட்டியது கொஞ்சம்தான் என்று வாதிட்டார். அண்மைய ஆய்வு ஒன்றோ, சட்டம் மூலம் அடைத்த ஊர்களில் 1830 வாக்கில் விளைச்சல் கணிசமாக அதிகம் என்கிறது. அதே ஆய்வு அந்த ஊர்களில் நில ஏற்றத்தாழ்வும் அதிகம் என்று சேர்த்துச் சொல்வதை மேற்கோள் காட்டுபவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். மண்ணைப் பொறுத்தும் பதில் மாறும். இளகிய மண்ணில் புதுச் சுற்று நன்றாக எடுபட்டது. நடு இங்கிலாந்தின் கனத்த களிமண்ணிலோ வேலி வந்ததும் பல இடங்களில் உழவையே விட்டுவிட்டுப் புல் வளர்த்தார்கள். இன்றும் லெஸ்டர்ஷயர் மேய்ச்சல் நிலங்களில் மாலை வெயில் சாய்வாக விழும்போது புல்லுக்கு அடியில் பழைய உழவுக் கீற்றுகள் அலையலையாகத் தெரியும்.

குத்தகை மட்டும் ஏன் அவ்வளவு ஏறியது? இரட்டிப்பானது என்பது அக்காலக் குறிப்புகளில் சாதாரணமாக வரும். அதில் ஒரு பகுதி உண்மையான முன்னேற்றம். இன்னொரு பகுதி வேறு மாதிரி. அடைப்புச் சட்டத்தோடு பழைய குத்தகை ஒப்பந்தங்கள் பல ரத்தாயின, நிலக்காரர் புது விலை பேசலாம். அப்படிக் கூடிய குத்தகை புதிதாக விளைந்த செல்வம் அல்ல, உழுதவர் பையிலிருந்து நிலக்காரர் பைக்கு மாறியது. முதலீட்டுக்கு லாபம் என்று சொல்லப்பட்ட கணக்குகளைப் படிக்கும்போது இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஊர் என்னவாயிற்று? நிலக்காரர், அவரிடம் குத்தகைக்கு எடுக்கும் பெரிய பண்ணையாளர், அவரிடம் கூலி வாங்குபவர் என்று மூன்றே தட்டு மிஞ்சியது. பாதிக் கூலி, பாதிப் பசு என்று வாழ்ந்தவர் முழுக் கூலியானார். கூலி கிடைக்காத குளிர்காலத்தில் முன்பு கைகொடுத்த பசுவும் விறகும் இப்போது இல்லை. அறுவடைக்குப் பின் சிந்திய கதிரைப் பொறுக்கும் உரிமையும் வழக்குக்குப் போனது. சஃபோக்கைச் சேர்ந்த மேரி ஹாட்டன் என்ற பெண்மணி மீதான வழக்கில், கதிர் பொறுக்குவது பொதுச் சட்டப்படியான உரிமை அல்ல என்று 1788இல் தீர்ப்பு வந்தது. (அதன் பிறகும் பல ஊர்களில் பெண்கள் பொறுக்கிக்கொண்டுதான் இருந்தார்கள். எல்லாப் பண்ணையாளரும் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கவில்லை.) பசித்தவர்களுக்கு ஊர் வரியிலிருந்து உதவி. ரொட்டி விலைக்கும் குடும்ப அளவுக்கும் ஏற்பக் கூலிக்கு மேல் தொகை கொடுக்கும் முறையை பெர்க்‌ஷயர் நீதிபதிகள் 1795இல் ஸ்பீனம்லாண்டில் முடிவு செய்தார்கள். 1834இல் அந்த உதவியையும் கடுமையாக்கி, வேண்டுமென்றால் ஏழைகள் விடுதிக்குள் வா என்றார்கள். இந்த வறுமைக்கு வேலி ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். மக்கள்தொகை வேகமாகக் கூடியது, போர் முடிந்ததும் வேலை சுருங்கியது. ஆனால் கையூன்றி எழ இருந்த கழியைப் பிடுங்கியது வேலிதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சாட்சி ஆர்தர் யங். வேளாண்மை பற்றி நாடு சுற்றி எழுதியவர், வேலியடைப்பின் பெரிய பிரசாரகர். அதே மனிதர் ஊர் ஊராக விசாரித்துவிட்டு 1801இல், இருபது அடைப்புச் சட்டங்களில் பத்தொன்பது ஏழைகளுக்குத் தீங்கு செய்திருக்கின்றன என்று எழுதினார். ஏழைகளுக்குப் பசு வைக்க நிலம் ஒதுக்குங்கள் என்று கெஞ்சாத குறை. அவர் எதிரி முகாமில் இருந்து பேசியவர் அல்ல என்பதால் அந்த வார்த்தைக்கு எடை அதிகம்.

எதிர்ப்பும் இருந்தது, பெரும்பாலும் சத்தமில்லாமல்: இரவில் வேலி உடைப்பது, கணக்குக் கேட்க வந்த ஆளுக்குப் பதில் சொல்லாமல் இழுத்தடிப்பது. சத்தமாக வெடித்தது 1830இல் ஆக்ஸ்போர்டுக்கு அருகே ஆட்மூர் சதுப்பில். செப்டம்பரில் ஊர்கள் திரண்டு வேலிகளை வெட்டிச் சாய்த்தன. நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் கைது செய்து ஆக்ஸ்போர்டுக்குக் கொண்டுபோனார்கள். கொண்டுபோன நாள் செயின்ட் ஜைல்ஸ் திருவிழா. சந்தைக் கூட்டம் கல்லெறிந்து கைதிகளை மீட்டுவிட்டது! அதே ஆண்டில்தான் தெற்கு மாவட்டங்களில் கதிரடிக்கும் எந்திரங்களை உடைத்த ஸ்விங் கலகம். அது நேரடியாக வேலி பற்றியதல்ல, கூலியும் எந்திரமும் பற்றியது. ஆனால் கலகத்தில் நின்றவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற கூலிகள்தான். 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், ஐந்நூறுக்கு நெருக்கமானவர்களை ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள்.

அப்புறம், "நிலத்திலிருந்து துரத்தியதால்தான் தொழிற்சாலைக்கு ஆள் கிடைத்தது" என்ற வாதம். இதை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம். வேலி கட்ட, வடிகால் வெட்ட, புது மேட்டை உழ என்று உடனடியாக வேலைக்கு ஆள் தேவைப்பட்டது, வேலியடைத்த பல ஊர்களில் மக்கள்தொகை குறையாமல் கூடவே செய்தது. உழவை விட்டுப் புல்லுக்கு மாறிய ஊர்களில்தான் ஆள் தேவை பளிச்சென்று குறைந்தது. ஆக, ஒரே நாளில் மூட்டை முடிச்சோடு மான்செஸ்டருக்கு நடந்த சித்திரம் பெரும்பாலும் தவறு. நடந்தது மெதுவானது: ஊரில் பிறக்கும் அடுத்த தலைமுறைக்கு ஊரில் ஒட்டிக்கொள்ள ஒரு பிடி இல்லாமல் போயிற்று. குடும்பங்களைக் கூண்டோடு கிளப்பியது ஸ்காட்லாந்தின் மேட்டு நிலத்தில், சதர்லாண்ட் போன்ற இடங்களில் நடந்தது. அது வேறு வரலாறு, இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

'வீண் நிலம்' என்ற அந்தச் சொல் கப்பலும் ஏறியது. இலங்கையில் 1840இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த சட்டம், காடும் தரிசும் பயிரிடாத நிலமும் யாராவது வேறுவிதமாக நிரூபிக்கும்வரை அரசுக்கே சொந்தம் என்றது. சேனைப் பயிரும் (காட்டை வெட்டி எரித்து, இடம் மாற்றி மாற்றிச் செய்யும் பயிர்) மேய்ச்சலும் நடந்த மலைநாட்டு நிலங்களில் எதற்குப் பத்திரம் இருந்தது? அவை தோட்டத்துரைமார் கைக்குப் போயின, முதலில் காப்பி, பிறகு தேயிலை. அங்கே வேலைக்கு ஆளாகப் போனது தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து நம் ஆட்கள். எழுத்தில் இல்லாத உரிமை உரிமையே இல்லை என்ற அதே வாதம், ஊர் மட்டும் வேறு.

இங்கிலாந்திலேயே அலை திரும்பியது நகரத்தாரால்தான். காற்று வாங்க, நடக்க இடம் வேண்டும் என்று 1865இல் பொதுநிலப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கினார்கள். அடுத்த வருடமே பெர்க்காம்ஸ்டெட் பொதுவெளியில் ஒரு பிரபு போட்ட இரும்பு வேலியை ஆட்களை ரயிலில் கூட்டிப்போய் ஓரிரவில் பிடுங்கிப் போட்டார்கள், வழக்கிலும் வென்றார்கள். இன்று இங்கிலாந்தின் பரப்பில் சுமார் 3 சதவீதம் பொதுநிலமாக மிஞ்சியிருக்கிறது.

திறந்தவெளி வயல் முறையை நேரில் பார்க்க ஆசை என்றால் நாட்டிங்காம்ஷயரில் லாக்ஸ்டன் என்ற ஊர் இருக்கிறது. மூன்று பெரிய வயல்கள், கீற்றுகள், சுழற்சி எல்லாம் இன்றும் நடக்கின்றன. வருடா வருடம் குளிர்காலம் தொடங்கும்போது விவசாயிகளைக் கொண்ட ஜூரி புதிதாக விதைத்த வயலைச் சுற்றி வந்து, யாராவது பொதுப் புல்வரப்பைத் தாண்டி உழுதிருக்கிறார்களா என்று பார்த்து எல்லைக்கு முளைக்குச்சி அடிப்பார்கள். தாண்டியிருந்தால் ஊர் மன்றத்தில் அபராதம். மன்றம் கூடுவது ஊர் மதுக்கடையில்.